மரத்தில் கட்டிய வள்ளம்

நேற்று நிலவறையில் அப்பாவின் தூண்டில் பெட்டியைத் திறந்ததும், மீன் செதிலும் பழங்கயிறும் கலந்த வாடை எழுந்து, இப்போது இடித்துவிட்ட அந்த ஏரிக்கரை மரவீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டது. பேர்லினுக்கு வடக்கே, பஸ்கூடப் போகாத காட்டுக்குள், கோடை விடுமுறையில் ஒரு கிழமை அங்கே இருப்போம். பகலெல்லாம் அப்பா மீன் பிடிக்க, அம்மா புளிவிட்டுக் காய்ச்சும் குழம்பின் மணம் பைன் மரங்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்.

பொழுதுபட்டால், போரில் எங்கள் ஊரான மயிலிட்டியின் கடலையும் சொந்த வள்ளத்தையும் விட்டு வந்த அப்பா, வாடகை வள்ளத்தை மணலில் மேலே மேலே இழுத்து ஒரு மரத்தோடு கட்டுவார்.

“இரவைக்குத் தண்ணி ஏறும், பிடியுங்கோ பிள்ளையள்.”

தம்பியும் நானும் உள்ளங்கை எரிய எரிய இழுப்போம். தன் படகைத் தண்ணீரிலேயே விட்டிருக்கும் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் பார்த்துச் சிரிப்பார்.

ஏரி கடலைப்போல ஏறி இறங்காது என்று பள்ளியில் படித்த வருடம், அந்தச் சிரிப்பு தாங்காமல், அப்பாவிடம் சொல்லிவிட வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக் கயிற்றில் வைத்தார்.

“அவருக்குத் தெரியும் பிள்ளை. நீ இழு.”