வாஷர் அண்ணனின் பதினோராம் பக்கம்

எங்கள் சபை ஆபீசில் டைப் அடிப்பது, கடிதம் ஒட்டுவது, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவது எல்லாம் நான்தான். எனக்குப் பொறுமை கிடையாது. இதை ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன், போதகரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கடல் தாண்டி ஊழியத்துக்குப் போகும் ஏழு பேருடைய பேப்பர் வேலை மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஏழு பேர், மூன்று வருஷம். போகிற இடத்தில் நாற்பது கட்டில் போட்ட ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. எல்லாம் இருக்கிறது, தண்ணீர் மட்டும் மாடிக்கு ஏறுவதில்லை. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வாளியில் சுமந்து ஏற்றுகிறார்களாம். அதனால் டாக்டர், நர்ஸ், வாத்தியார்களோடு ஒரு பிளம்பரும் வேண்டியிருந்தது. அந்தப் பிளம்பர்தான் வாஷர் அண்ணன். அவர் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் வாஷர் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையைக் கவிழ்த்தபோது அதிலிருந்தும் ஒன்று விழுந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

வயது ஐம்பத்தெட்டு. மனைவி இல்லை. ஒரே மகள், கல்யாணமாகி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறாள். "வீட்டுல பேசுறதுக்கு டிவி மட்டும்தான் தங்கச்சி. அதுவும் நான் சொல்றதக் கேக்காது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், கேட்கிற எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

ஆறு மாதம் தயாரிப்பு நடந்தது. சனிக்கிழமைகளில் மொழி வகுப்பு. ஏற்கெனவே அங்கே போய்வந்த நர்ஸ்தான் சொல்லிக்கொடுத்தார். நம் அண்ணனுக்கு நாக்கு வளையவே இல்லை. 'தண்ணீர் வருகிறதா' என்று கேட்கச் சொன்னால் 'மாமியார் வருகிறாரா' என்று கேட்டாராம். நர்ஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பேச்சு குழாயோடதானம்மா" என்று அவரும் கூடச் சிரித்தார். தடுப்பூசி போட்ட அன்று மற்றவர்கள் கையைத் தூக்க முடியாமல் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். இவர் வீங்கின கையோடு வந்து என் ஆபீஸ் குழாயைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிக்கு இருபத்துமூன்று கிலோதான் என்று சொல்லியிருந்தேன். எடை பார்க்கத் திறந்தால் மூன்று சட்டை, ஒரு வேதாகமம், மீதியெல்லாம் ரெஞ்சும், குழாயில் மரை போடும் கருவியும், டெஃப்லான் டேப் சுருளும்தான்.

"சட்டை போதுமா அண்ணே?"

"சட்டை அங்கயும் கிடைக்கும். இந்த அளவு ரெஞ்சு கிடைக்குமா?"

பிரச்சினை பன்னிரண்டு பக்க விண்ணப்பத்தில் வந்தது. பதினோராம் பக்கம், 'மரணம் நேர்ந்தால்'. இரண்டு கட்டம். உடலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று ஒன்று, அங்கேயே அடக்கம் செய்யலாம் என்று ஒன்று. போகிறவர் ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். கீழே மிக நெருங்கிய உறவினரின் கையெழுத்து, பக்கத்தில் ஒரு சாட்சியின் கையெழுத்து. போதகருக்கு எல்லோரும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆசை. அதுதான் முழு அர்ப்பணிப்பு என்று மூன்று வாரம் பிரசங்கம் செய்தார்.

குடும்பங்கள் விடுமா? டாக்டரின் அம்மா பேனாவைத் தூக்கி எறிந்தார். வாத்தியாரின் மனைவி இரண்டாவது கட்டத்தை வேண்டாம் என்று குறுக்கே அடித்த அடியில் தாள் கிழிந்தே போனது. நர்ஸின் அண்ணன் நேராக ஆபீசுக்கு வந்து, என் தங்கச்சியக் கொல்லப் பாக்குறீங்களா என்று என்னிடம் மல்லுக்கு நின்றான். டைப் அடிக்கிறவள் நான் என்ன செய்வேன்? நானும் பதிலுக்குக் கத்தினேன். இத்தனையையும் குழாயடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த வாஷர் அண்ணன், அந்த ஆள் போனபிறகு, "குடுத்து வச்ச பொண்ணு" என்றார்.

அவருடைய தாள் மட்டும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். கேட்டால், "மகளப் பாக்கணும், போகணும்" என்பார். எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அவருக்கு வேண்டியிருந்தது கையெழுத்து இல்லை, ஒரு சண்டை. போகாதீங்கப்பா என்று மகள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ரெஞ்சையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார். அந்த வார்த்தை வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று டாக்டர்கள் சொல்ல, அதை நம்பி இவர் நற்செய்திக் கூட்ட மைதானத்துக்குத் தண்ணீர் லைன் போடப் போய்விட்டார். போன் கருவிப் பையின் அடியில் கிடந்தது. புதன்கிழமை அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். இவர் மறுநாள் வந்தபோது வீட்டில் கிடத்தியிருந்தார்கள். மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அன்றிலிருந்து அவள் சண்டை போட்டதில்லை, குறை சொன்னதில்லை. வாங்க, சாப்பிடுங்க, மாத்திரை இருக்கா, அவ்வளவுதான் பேச்சு.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூட வரச் சொன்னார். ஒரு மத்தியானம் போனோம்.

மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். லென்ஸை மிஷினில் வைத்து, டாக்டர் சீட்டில் இருக்கிற எண்ணோடு சரிபார்க்கும் வேலை. எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்று இரண்டு ஸ்டூல் போட்டாள். அவர் தாள்களை நீட்டினார். அவள் முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்தாள்.

"மூணு வருஷமா?"

"ஆமாம்மா."

"சுகர் மாத்திரைக்கு என்ன பண்ணுவீங்க?"

"டாக்டர் கூட வர்றாரும்மா. அவரு பாத்துக்குவாரு."

பதினோராம் பக்கம் வந்தது. "இதுல நீங்க டிக் பண்ணலையே."

"நீ பண்ணுன்னு விட்டேன்."

அவள் பேனாவை எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, கொண்டுவந்தா யார் போய் வாங்கணும்?" என்று கேட்டாள்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். சபையில் ஆள் இருக்கிறது, நீ கவலைப்படாதே என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஆபீஸ் புத்தி விடவில்லை. "கையெழுத்துப் போட்டவங்கதாம்மா. ஏர்போர்ட்டுக்குப் போய் வாங்கிக்கணும்" என்றேன்.

அவள் 'அங்கேயே அடக்கம்' என்ற இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்தும் போட்டாள்.

"அம்மாவ ஆஸ்பத்திரியில நான்தான் வாங்கினேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூணு இடத்துல கையெழுத்து வாங்கினாங்க. கம்மல் ரெண்டு, செருப்பு ஒரு ஜோடின்னு எழுதிக் குடுத்தேன். இன்னொரு தடவ என்னால முடியாதுப்பா."

"சரிம்மா" என்றார் அவர். "நீ சொல்றது சரிதான்."

நான் சாட்சிக் கையெழுத்தைப் போட்டேன். தாள்களை மடித்து உறையில் போட்டபின்னும் அவர் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "அப்ப போகட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது கடையை விட்டுப் போவதைப் பற்றி இல்லை. மூன்று வாரமாக மனதுக்குள் வைத்திருந்த கேள்வி அதுதான் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்ததா தெரியவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள்.

"சரி, கிளம்புங்க. மழை வர்ற மாதிரி இருக்கு."

பஸ்ஸில் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, பேசாம இங்கயே இருந்துடுங்களேன். போதகர்கிட்ட நான் பேசுறேன்" என்றேன்.

"இருந்து?" என்றார்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, உன் ஆபீஸ் குழாய்க்கு வேறு வால்வு மாற்ற வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்றார். சொன்னபடி வந்து மாற்றியும் கொடுத்தார்.

வழியனுப்பும் ஆராதனை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஏழு பேரும் மேடையில் வரிசையாக நின்றார்கள். டாக்டரின் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து விடாமல் அழுதுகொண்டிருந்தார். நர்ஸின் அண்ணன் என்னை முறைத்துக்கொண்டிருந்தான். போதகர் என்னிடமிருந்து விண்ணப்ப ஃபைலை வாங்கிப் புரட்டினார்.

"ஆறு குடும்பங்கள் உடலைத் திருப்பிக் கேட்டார்கள். நான் குறை சொல்லவில்லை" என்றார் மைக்கில். "ஒரே ஒரு மகள் மட்டும் தன் தகப்பனை முழுவதுமாகக் கர்த்தருக்குக் கொடுத்திருக்கிறாள். எதையும் திருப்பிக் கேட்கவில்லை. பிரியமானவர்களே, இதல்லவா அர்ப்பணிப்பு!"

சபை முழுவதும் கைதட்டியது. வாஷர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்துப் பின்வரிசைக்காரர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"அந்த மகள் எங்கே? முன்னால் வரட்டும்" என்றார் போதகர்.

முந்நூறு தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அண்ணன் அவளைக் கூப்பிடவில்லையா, கூப்பிட்டும் அவள் வரவில்லையா, நான் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் மைக்குக்கு அருகே இரண்டு எட்டு வைத்து வந்தார்.

"வரணும்னுதான் இருந்தா ஐயா. கடையில லீவு கிடைக்கல."

அந்தக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்கள் மறுபடியும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.