பெடலை மிதித்தவன்

போன ஆயுத பூஜையை ஒட்டி எங்கள் வீட்டில் நடந்தவை:

1. அப்பாவின் பழைய காரில் பிரேக் பெடல் அடிவரை இறங்கியது. பின்சக்கரத்து வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிந்திருந்தது.
2. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்த நான் பிரேக் டிரம்மைக் கழற்றி, சிலிண்டர் வாஷர்களையும் ஆயில் ஊறிய பிரேக் ஷூக்களையும் மாற்றினேன்.
3. காருக்கு அடியில் படுத்து, பிரேக் குழாயில் புகுந்திருந்த காற்றை எடுத்தேன். மேலே பெடலை மிதித்தவன் தம்பி.
4. பிரேக்கைச் சரிசெய்தது தம்பி என்று வீதி முழுக்கப் பேச்சானது.

காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, அடியில் இருப்பவர் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். தம்பி வாசலில் போவோரிடம் பேசிக்கொண்டே காலை எடுத்தான். நான் மறுபடி ஆரம்பித்தேன். அவர்கள் கண்ணில் பட்டது ஸ்டியரிங்கும் அவன் முகமும். என்னில் வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள்.

பூஜையன்று சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். லைசென்ஸ் எனக்கும் உண்டு. நசுக்கி ஓட்டப்போவது நான்தான் என்று நினைத்திருந்தேன். அப்பா சாவியை அவனிடம் கொடுத்தார். அவன் பிரேக் போட்டதும் கார் எந்தப் பக்கமும் இழுக்காமல் கேட்டருகே நேராக நின்றது. கொஞ்சம் இழுத்துத் தொலைத்திருக்கலாம். எதிர்வீட்டு அக்கா அவனைப் புகழ்ந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "அம்மணி, அந்தக் கரிக்கையக் கழுவு கண்ணு. பொண்ணு பாக்க வர்றவிய பயந்துக்குவாங்க."

மறுநாள் வால்பாறையிலிருந்து என் அக்காவைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். கிளம்புமுன் அப்பா என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்: "ஏங்கண்ணு, மலையெறக்கத்துல இந்த பிரேக்க நம்பலாமா?"

வேலை யாருடையது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் சாவி அவனிடம்.

வேண்டாம் என்றால் பயணம் பஸ்ஸுக்கு மாறிவிடும். அந்த வார்த்தை நாக்கில் இருந்தது.

"பிரேக்க நம்பலாங்கப்பா. அவன் காலத்தான் நம்ப முடியாதுங்க. மிதிச்சுட்டே எறங்குனா டிரம் சுட்டு பிரேக் புடிக்காமப் போயிரும். ரெண்டாவது கியர்லயே எறங்கச் சொல்லுங்க. இல்லீன்னா என்ன ஓட்டச் சொல்லுங்க."

"சொல்லிப்போடறேன்" என்று சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். இரண்டில் எதைச் சொல்வார் என்று கார் கிளம்பியபோதே தெரிந்துவிட்டது. ஓட்டியவன் தம்பிதான்.

அக்கா பத்திரமாக வந்து சேர்ந்தாள். அவள் மகனுக்கு இப்போது பல் முளைக்கிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. சாவி தம்பியின் சட்டைப்பையில் இருக்கிறது. காற்றெடுக்கும்போது பெடலை மிதிக்க நான் இப்போது அம்மாவைத்தான் கூப்பிடுகிறேன்.