எல்லைக்கல்லும் என் வலது காலும்

நிருபர் தொழிலுக்குப் பேனா யாரிடமும் இரவல் வாங்கலாம். கால் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். டாக்டரிடம் முதுகில் கத்தி வைத்துக்கொண்ட பிறகும் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அன்பர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புல்

வேலூரில் அறுவை முடிந்து முதுகு நேராயிற்று. இரண்டு வருஷம் கழித்தும் இடுப்பிலிருந்து வலது சுண்டுவிரல் வரை சூடான கம்பி இழுத்தபடி இருந்தது. ஆந்திர எல்லை பிரிக்கிற நேரம்; ஊர் ஊராக நடக்க வேண்டும். முடியாவிட்டால் சென்னையில் பிழை திருத்தும் மேஜைதான் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதிவிட்டார். டாக்டரிடம் போனேன்.

"நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்தது சார். புல் மேல் கல் கிடந்த மாதிரி. கல்லை எடுத்துவிட்டோம். புல் நிமிர நாளாகும், நிமிராமலும் போகலாம்."

கிணறு

சத்தியவேடு பக்கம் சர்வே நடந்தது. கோட்டுக்குக் குறியாகக் கம்பம் பிடிக்கும் கொடிக்காரன் தண்ணீர் குடிக்கப் போக, அவன் கம்பத்தை நான் பிடித்து நின்றேன். கால் வலித்ததால் கம்பத்தின் மேல் சாய்ந்துவிட்டேன். அந்தச் சாய்வை வைத்தே நிலம் அளக்கும் அமீன் கோடு பார்த்துவிட்டார். பெருமாள் என்ற விவசாயியின் கிணறு மாகாணம் மாறியது. எல்லைக்கோட்டை மறுபடி அளந்து முடிக்கும் வரை அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

"உன் காலு நோவுதுன்னு என் கெணத்த ஆந்திராவுக்குத் தள்ளிட்டியே சார். நேரா நில்லு, நான் புடிச்சிக்கிறேன்."

தறி

அவர்தான் நகரியில் தன் மைத்துனர் முனுசாமியைப் போய்ப் பார்க்கச் சொன்னார். நெசவாளி, எனக்கு நடந்த அதே அறுவை, அதே வலது கால். தறிக்குழியில் இரண்டு மிதிகளையும் இடது காலுக்குக் கீழே மாற்றிக் கட்டியிருந்தார். வலது கால் குழிக்கு வெளியே பலகையில், விருந்தாளியைப் போல நீட்டிக் கிடந்தது. புடவையில் ஓர் இழை கோணவில்லை. பத்து நிமிஷம் கம்பம் பிடிக்கத் தெரியாதவன், அந்த இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலி போய்விட்டதா என்று கடைசியில் கேட்டேன்.

"எங்க போவும்? அது பாட்டுக்குக் குந்திக்கினு கீது, நான் பாட்டுக்கு நெய்யறேன்."

பெஞ்சு

மறுநாள் சித்தூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில், மனு எழுதுகிறவரின் பெஞ்சு ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன். எந்தெந்த ஊருக்கு நான் நடக்க முடியவில்லையோ, அந்த ஊரெல்லாம் எல்லை மனுவோடு என்னிடம் நடந்து வந்தது. மாதம் முடியுமுன் ஆசிரியர் டெலிபோனில் கூப்பிட்டார்.

"ஒரே நாளில் ஏழு ஊர்ச் செய்தியா? கால் சரியாகிவிட்டது என்று சொல்லவே இல்லையே ஐயா."

எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து கல்லும் நட்டாயிற்று. இடுப்பிலிருந்து சுண்டுவிரல் வரை போகும் கோட்டுக்கு மட்டும் இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.