மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

அண்ணன் இல்லாமல் ஓர் ஆண்டு முடிந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் இரணியலில் அவரது வீட்டு முன்னறையில், மீன்தொட்டியை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தவர்கள். என்னை எழுதச் சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தொட்டிதான். நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு தவறும் அதில்தான் இருக்கிறது.

அண்ணன் திருவட்டாறு பக்கம் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனார். என்னைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்த பிறகே தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். கோபம் வந்தால் பேச்சைக் குறைப்பாரே தவிர, குரலை உயர்த்தியதில்லை.

மகன் வெளியூருக்குப் படிக்கப் போனபோது விட்டுச்சென்ற தொட்டி அது. ஐந்து கோல்டு ஃபிஷ், ஒரு சின்ன மோட்டார், வடிகட்ட ஒரு பஞ்சு. ஞாயிறுதோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் எடுப்பார். பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து திரும்ப வைத்துவிட்டு, தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்தின் மூட்டில் ஊற்றுவார். முந்தின நாளே வாளியில் பிடித்துவைத்து, குளோரின் மருந்து வாடை போன குழாய்த் தண்ணீரை அதே அளவுக்குச் சேர்ப்பார்.

எனக்கோ அழுக்கைக் கண்டால் ஆகாது. என் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு சித்திரை விஷுவுக்கு முன்பு, வீடு ஒதுக்கிச் சுத்தம் செய்ய அண்ணன் மனைவிக்கு, என் மைனிக்கு, துணையாகப் போனேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினேன். பஞ்சைச் சோப்புப் பொடி போட்டு வெளுத்தேன். குழாய்த் தண்ணீரை நிறைத்தேன். கண்ணாடி பளபளத்தது. மூன்றாம் நாள் ஐந்தில் நான்கு செத்து மிதந்தன.

அண்ணன் திட்டியிருந்தால் தேவலை.

"ஏட்டி, அந்தப் பஞ்சுல இருந்தது அழுக்கு இல்ல, கேட்டியா. கண்ணுக்குத் தெரியாத உயிரு. மீனுக்க கழிவ அதுதான் தின்னு தீக்கும். அது வளர மாசக்கணக்கு ஆவும்."

"நல்லதுக்குத்தானே அண்ணே செய்தேன்."

"அது எனக்குத் தெரியாதா மக்கா? அழாத. இனி பைய பைய வளப்போம்."

வளர்த்தார். இரண்டு புது மீன்களைச் சேர்க்க இரண்டு மாதம் பொறுத்திருந்தார். மீன் ஏன் செத்தது என்று கேட்டவர்களிடம், "நான் கவனிக்கல" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மைனியைத் தவிர யாருக்கும் தெரியாத உண்மையை இன்றுதான் எழுதுகிறேன்.

கடைசி மூன்று வாரம் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேசவே சிரமப்பட்ட ஒரு நாள், "ஏட்டி, மீனுக்குத் தண்ணி மாத்தினியா?" என்று கேட்டார். "மாத்தியாச்சு" என்றேன். பொய். பழைய பயத்தில் அந்தத் தொட்டியைத் தொட எனக்குக் கை வரவில்லை.

அண்ணனை எடுத்துக்கொண்டு ஆண்கள் போன பிறகு, பெண்கள் வீடு கழுவ இறங்கினோம். பிடித்துவைத்திருந்த தண்ணீரையெல்லாம் கொட்டுவது நம் வழக்கம். குடமும் வாளியும் காலியானதும் சித்தி தொட்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

"இதையும் கவுத்து மக்கா. துஷ்டி வீட்டுத் தண்ணி ஒண்ணும் நிக்கப்பிடாது."

நான் குறுக்கே நின்றேன். அழுக்குத் தண்ணீருக்காக நான் வாதாடியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

"முழுசும் கொட்டினா மூணும் செத்துரும் சித்தி. இந்த வீட்டுல இன்னைக்கு ஒரு சாவு போதும்."

சித்தி குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவன் எவ்வளவு கொட்டுவான்?"

"மூணுல ஒரு பங்கு."

"பின்ன அதே போதும்."

நான் குவளையால் கோரிக் கொடுக்க, சித்தியே கறிவேப்பிலை மூட்டில் ஊற்றினார். மறுநாள், மருந்து வாடை போன தண்ணீரைச் சேர்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குத் துணையிருந்த உறவினர்களுக்கும், அவரோடு காற்றாலை ஏறிய நண்பர்களுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்திக்கு என் தனி நன்றி.

மூன்று மீன்களும் நன்றாக இருக்கின்றன. ஞாயிறுதோறும் மைனி வீட்டுக்குப் போகிறேன். பஞ்சு பழுப்பாகத்தான் இருக்கிறது. அதில் இருப்பது அண்ணன் வளர்த்த உயிர் என்பதால் இரண்டு தடவைக்கு மேல் பிழிவதில்லை. வேலை முடிந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன்.

"மாத்தியாச்சு அண்ணே."

இப்போது அது பொய் இல்லை.

— தங்கை