இரண்டு கட்டைகளுக்கு நடுவே

பினாங்கில் பாக்கியநாதன் என்று விசாரித்தால் எந்தப் பாக்கியநாதன் என்று திருப்பிக் கேட்பார்கள். பொட்டிக்காரர் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். பொட்டி என்றதும் பணப்பெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி ஒன்று அவரிடம் இருந்ததே இல்லை. ஆர்மோனியப் பொட்டியைத்தான் சொல்கிறேன். வாரமெல்லாம் துறைமுகத்துக் கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஞாயிறும் திருநாளும் பினாங்கு ரோட்டு மாதா கோயிலில் ஆர்மோனியம்.

சுருதி விஷயத்தில் மனிதர் பொல்லாதவர். கல்யாண வீடா சாவு வீடா என்று பார்க்கமாட்டார். யாராவது அரைச் சுரம் தவறினால் முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை பூசை நடுவில் சாமியாரே சற்றுக் கீழே இறங்கிவிட்டார். பாக்கியநாதன் சரியான கட்டையை நீட்டி அழுத்தி, அவர் மேலே ஏறி வரும்வரை விடவில்லை. பிரெஞ்சுக்காரச் சாமியாரின் முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. "பொட்டி பொய் சொல்லாது சாமி" என்றார் பிறகு, மன்னிப்புக் கேட்கிற தோரணையில். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

அப்படிப்பட்டவருக்குச் சவுந்தரம் மனைவியாக வாய்த்தாள். அவளுக்குச் சரிகமவும் தெரியாது, டோ ரே மீயும் தெரியாது. ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை மாலையில் மாதாவின் புலம்பலை அவள்தான் பாடவேண்டும் என்று கோயிலே காத்திருக்கும். பெரிய வியாழனோடு மணியும் ஆர்மோனியமும் ஓய்ந்துவிடும். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பொட்டியைப் பூட்டிவிட்டு மற்ற ஆண்களோடு பாக்கியநாதனும் தரையில் உட்கார்ந்திருப்பார். "மடியிலே வளர்ந்த கண்ணே, மரத்திலே வாடலாமோ" என்று அவள் எடுப்பாள். அந்தக் 'கண்ணே'யில் குரல் ஓர் இடத்துக்குப் போய் நின்று நடுங்கும். கோயிலில் மூக்கை உறிஞ்சாத ஆள் இருக்காது, நம் பொட்டிக்காரரைத் தவிர.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுவார். "அந்த எடத்துல நீ தப்பா பாடுற சவுந்தரம். இந்தக் கறுப்புக் கட்டைக்கும் மேல போற, வெள்ளைக் கட்டைக்கும் எட்டல. ரெண்டுக்கும் நடுவுல சுரமே கிடையாது."

அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே சொல்வாள்: "தப்புன்னா தப்பாவே இருக்கட்டும்லா. மவன் செத்துக் கெடக்கறப்ப மாதா என்ன, சுருதி பாத்தா அழுதாங்க?"

முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் உலகத்தையே உலுக்கிய அந்த விஷக்காய்ச்சல் பினாங்குக்கும் வந்த வருஷம் சவுந்தரம் போய்விட்டாள். மகள் மார்த்தாவுக்கு அப்போது ஐந்து வயது.

அடுத்த சில ஆண்டுகள் பாக்கியநாதன் சோறு பொங்கவும் பிள்ளைக்குத் தலை பின்னவும் கற்றுக்கொண்டதில் கழிந்தன. துக்கப்படக்கூட நேரம் வேண்டுமே. பிள்ளை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் வயதுக்கு வந்த பிறகுதான், ஒரு பெரிய வெள்ளியன்று, வேறு யாரோ அந்தப் புலம்பலைப் பாடிக்கொண்டிருந்தபோது, அவருக்கு அது உறைத்தது. சவுந்தரத்தின் முகம் நினைவிருந்தது. நடை, பேச்சு எல்லாம் நினைவிருந்தது. அந்தக் 'கண்ணே' மட்டும் வரவில்லை. மனத்துக்குள் பாடிப் பார்த்தால் கறுப்புக் கட்டையில் விழுந்தது, இல்லையென்றால் வெள்ளைக் கட்டையில். தப்பு என்று எதைப் பத்து தரம் சொன்னாரோ, அதைத் திரும்ப ஒரே ஒரு தரம் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது. அந்த ஏக்கம் அவரைத் தின்றது.

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். பியானோ சொல்லிக் கொடுக்கும் யுரேஷிய அம்மாள் ஒருத்தியிடம் போய்க் கேட்டார். அவள் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டி, இந்த இரண்டுக்கும் நடுவே மரம்தான் இருக்கிறது, சுரம் இல்லை, கேட்கிற காதில்தான் கோளாறு என்று அனுப்பிவிட்டாள். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம் என்று முணுமுணுத்தபடி படி இறங்கினார். தானும் பல வருஷம் அதே பாட்டைத்தான் பாடினோம் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் கப்பித்தான் பள்ளிவாசல் பக்கமாக வரும்போது பாங்கு கேட்கும். அந்தக் குரலும் கட்டைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் புகுந்து புறப்படும். சோறு சுமந்து விற்கிற நாசி கண்டார் காவடிக்குப் பக்கத்தில் சாப்பிடுகிறவர்போல நின்று கேட்பார். ஆனால் பிடிப்பதற்குள் அது கடந்து போய்விடும்.

ஒரு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கே போனார். சாமியார் காதுக்கு எட்டினால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது, ஆசை வெட்கமறியாது. அங்கே நாகஸ்வரம் வாசித்த பிச்சைமுத்துவை ஓய்வு வேளையில் ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொன்னார்.

பிச்சைமுத்து சிரித்தார். "அண்ணே, அது காந்தாரம். அதை ஏன் ஒரு எடத்துல ஆணியடிச்சு நிறுத்தப் பாக்கறீங்க? எங்க வழியில சுரம்னா ஊஞ்சல் மாதிரி. மேலயும் கீழயும் ஆடுனாத்தான் அது சுரம்." சொன்னதோடு நில்லாமல் வாசித்தும் காட்டினார். கேட்டவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அது தேர் வருகிற கம்பீரம். சவுந்தரத்தின் நடுக்கம் அதில் இல்லை. நன்றி சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மலை இறங்கினார்.

மார்த்தாவுக்குப் பதினேழு நடந்த வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்தைய தபசு காலத்தில் ஒரு நாள், வேலை விட்டுச் சூலியா தெரு வழியாக வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கடைகளின் முன்னே கூரையோடு ஓடும் அஞ்சடி நடையில் ஒதுங்கினார். குடை பழுதுபார்க்கிற கடை அது. உள்ளே ஆ லெங் என்ற தியோச்சூச் சீனர், வேலையை ஓரம் தள்ளிவிட்டு இரண்டு தந்திப் பிடிலை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் முகத்தைச் சுளிக்கத் தயாராகத்தான் நின்றார். சுளிப்பதற்குள் அந்தச் சுரம் வந்தது. கறுப்புக்கும் மேலே, வெள்ளைக்கும் எட்டாமல், நடுவில் நின்று நடுங்கியது. அவர் கடைக்குள் போய் ஒரு குடைக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆ லெங்குக்குத் தமிழ் தெரியாது. இவருக்குச் சீனம் தெரியாது. கடைத்தெருவுக்கெல்லாம் பொதுவான பாசார் மலாய் இருக்கவே இருக்கிறது. அந்தப் பிடிலில் தந்திக்கு அடியில் பலகை கிடையாது. விரலை அழுத்த அழுத்தச் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். தம் ஊர் வழக்கத்தில் சுரங்களை எண்களால் சொல்வார்கள் என்றார் ஆ லெங். எல்லா எண்களும் அதனதன் இடத்தில் கிடக்கும். சோகப் பாட்டில் மட்டும் ஐந்தாம் எண் கிடக்காது.

"இனி லிமா, ஹிடுப் லா" என்றார், தந்தியை அழுத்தியபடி. இந்த அஞ்சு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

பிச்சைமுத்து காந்தாரம் என்றது, சீனர் ஐந்து என்றது, பியானோக்காரி இல்லவே இல்லை என்றது எல்லாம் ஒன்றையேதான் என்று பாக்கியநாதனுக்குப் பட்டது. எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். அழுகை என்னவோ ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

அவர் புலம்பலை மெல்ல முணுமுணுத்தார். 'மடியிலே வளர்ந்த' என்றதோடு நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் அவருக்கு வராது. ஆ லெங் விட்ட இடத்தில் விரலை அழுத்தினார். இத்தனை வருஷம் கழித்து, மழைச் சத்தத்துக்கு நடுவே, சவுந்தரம் 'கண்ணே' என்றாள். பாக்கியநாதன் வாய்விட்டு அழுதார். ஆ லெங் இன்னொரு தரம் வாசித்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பிடில் சொல்லிவிட்டது, இனி அதை ஒரு குரல் சொல்லவேண்டும். குரல் வீட்டிலேயே இருக்கிறது. மார்த்தாவுக்கு அப்படியே அம்மாவின் தொண்டை என்று ஊரே சொல்லும். இந்த வருஷம் புலம்பலைப் பாடப்போவதும் அவள்தான். பொட்டியைத் திறக்காமல் மகளை எதிரில் உட்காரவைத்தார்.

"கண்ணேங்கற எடத்துல நேரா போகாதம்மா. கொஞ்சம் வளைச்சு, நடுங்கிப் பாடு."

மார்த்தா பாடினாள். சுத்தமாக, கறுப்புக் கட்டையில் போய் நின்றாள். இன்னும் மேலே என்றார். வெள்ளைக் கட்டைக்குப் போனாள். நடுவில் என்றார். அவள் திணறினாள். எத்தனை தரம் பாடினாலும் குரல் ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்குத் தாவியதே தவிர, நடுவில் கால் வைக்கவில்லை. பொட்டியே பெண்ணாகப் பிறந்து பாடியதுபோல் இருந்தது.

"என்னப்பா இது?" என்று சலித்துக்கொண்டாள் மார்த்தா. "சின்னப் புள்ளையில இதே எடத்துலதானே கட்டையத் தட்டித் தட்டி என்னை அழவெச்சீங்க? வளைக்காத, வளைக்காதன்னு கத்துவீங்க. எது வளையுதுன்னே எனக்குப் புரியாது. இப்ப வளைன்னா எப்படிப்பா வளையும்?"

பாக்கியநாதனுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அம்மா போன மறு வருஷம். ஆறு வயதுப் பிள்ளை, அம்மாவிடம் கேட்டதைக் கேட்டபடி பாடிக்கொண்டிருந்தது. அது சவுந்தரத்தின் சுரம் என்று அன்று தோன்றவில்லை. பிள்ளையின் பிழை என்றே பட்டது. ஒரே கட்டையை மாதக்கணக்கில் தட்டினார். பிழை போய்ச் சுரம் நேரான அன்று, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஐஸ் உருண்டை வாங்கிக் கொடுத்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையைக் கேட்டிருக்கிறோம். இவர் வெண்ணெயைத் தன் கையாலேயே வழித்துத் தெருவில் எறிந்துவிட்டு அலைந்தவர்.

"நீ அப்ப எப்படிப் பாடுனேன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"இல்லப்பா."

"அம்மா பாடுறது?"

மார்த்தா தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா கொரலே ஞாபகம் இல்லப்பா. எப்படி இருக்கும்?"

அவர் ஏன் வளைக்கச் சொன்னார் என்பதை மட்டும் சொன்னார். அம்மா அந்த இடத்தில் எப்படி நிற்பாள் என்பதைச் சொன்னார். அதற்குப் பிறகு பாட்டைப்பற்றிப் பேசவே இல்லை. மகள்தான் சமையல்கட்டில் தனியாக எதையோ முயன்று முயன்று விட்டுக்கொண்டிருந்தாள்.

பெரிய வெள்ளி வந்தது. மரக்கட்டை ஓய்ந்ததும் மார்த்தா எழுந்து நின்று புலம்பலை எடுத்தாள். 'மடியிலே வளர்ந்த' வரை வெள்ளித் தந்தி. அதற்குமேல் கறுப்புக் கட்டைக்குப் போகிற பழக்கப்பட்ட பாதையை விட்டு வேண்டுமென்றே விலகினாள். குரல் வழுக்கியது, தேடியது, கீழே விழுந்தது, மறுபடி ஏறிப் பாதியில் உடைந்தது. நடுவிலும் இல்லை, எந்தக் கட்டையிலும் இல்லை. பாடகர் குழுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் அந்த இடம் வந்தது; ஒவ்வொரு முறையும் அவள் விலகி, விழுந்து, எழுந்து பாடி முடித்தாள்.

வெளியே வந்ததும் பாடகர் குழுவில் மூத்தவரான அமலம்மாள் அக்கா பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, பாப்பாவுக்குச் சுருதி நழுவிப்போச்சே? ஒங்க வீட்டுப் புள்ளைக்கா இப்படி?"

பாக்கியநாதன் கோயில் படிப் பக்கம் திரும்பினார். மகள் முக்காட்டைச் சரிசெய்தபடி படி இறங்கி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அப்பா, வந்துச்சா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"வந்துச்சும்மா."

"நெசமாவா? அம்மா இப்படித்தான் பாடுவாங்களா?"

"இப்படியேதான்."

மார்த்தாவின் முகம் மலர்ந்தது. பினாங்கு ரோட்டில் அவருக்கு முன்னே நடந்தாள், அந்த ஒரு வரியை மட்டும் வாய்க்குள் திரும்பத் திரும்பப் பாடியபடி. ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு விதமாகத் தப்பாக இருந்தது. அவர் திருத்தவில்லை, வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தார்.