மூன்று கிளாஸை சிங்கில் ஊற்றிய நாள்

கொழும்பில் எங்கள் ஹோட்டல் பாரில் ஐரிஷ் ஸ்டவுட் என்ற கறுப்பு பியருக்கு டெப், அதாவது ஊற்றும் குழாய், பூட்டிய முதல் நாளே, மூன்று கிளாஸை சிங்கில் ஊற்றினேன். பதினைந்து வருஷம் லாகர் பியர் ஊற்றிய கை இது. லாகர் என்றால் கிளாஸைச் சரித்துப் பிடித்தால் போதும், தெளிவாக இறங்கும். இதுவோ மண்ணிறத்தில் கலங்கிச் சுழன்றது. பீப்பாய் பழுதாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். டெப் பூட்ட வந்தவர் பீப்பாய்க்கு விடும் கேஸ் அளவை மட்டும் காட்டிவிட்டு, ஊற்றும் முறையைச் சொல்லாமல் போயிருந்தார்.

மனேஜர் செல்வராஜா, வெள்ளவத்தைக்காரர், எட்டிப் பார்த்தார்.

"மரியான், பின்னேரம் துறைமுகத்தில வேலை செய்யிற ஐரிஷ் எஞ்சினியர் வாறார். அவருக்குப் பிடிச்சால்தான் இந்த டெப் இருக்கும். இல்லாட்டி இதைக் கழட்டிப்போட்டு உம்மைத் திரும்ப ரூம் சேர்விஸுக்குப் போடுவினம்."

ட்ரே சுமந்து வெறுத்துத்தான் நான் பாருக்கே வந்தவன். இன்னொரு கிளாஸை எடுத்தேன்.

நாலாவது கிளாஸ் முக்கால் நிறைந்தபோது ஃபோன் அடித்தது. அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கதைத்துவிட்டு வந்தேன். பார்த்தால், கலங்கல் முழுதும் அடங்கி, கீழே கன்னங்கறுப்பு, மேலே பாலாடை போல நுரை. இன்னும் கொஞ்சம் விட்டேன். நுரை விளிம்புக்கு மேலே எழும்பி வழியாமல் நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ருசி பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஸ்டவுட் வைன் ஸ்டோர்ஸ் போத்தலில் வருவது. இனிப்பு, கனம், ஒரே அடியில் தலைக்கு ஏறும். இது வேறு சாமான். நுரைக்கு அடியில் குளிர்ச்சியாக, இலேசாக இறங்கியது. பிறகு கறுக்க வறுத்த கோப்பியின் கசப்பு. கடைசியில் மெல்லிய புளிப்பு. இவ்வளவு கறுப்பான ஒன்று இவ்வளவு இலேசாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பின்னேரம் எஞ்சினியர் வந்தார். முக்கால் கிளாஸில் டெப்பை மூடினேன். செல்வராஜாவுக்கு வேர்த்துவிட்டது.

"என்னப்பா, பாதியில நிப்பாட்டிப்போட்டு நிக்கிறீர்? ஆள் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"ரெண்டு நிமிஷம் பொறுங்கோ சேர்."

கை துறுதுறுத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன். கலங்கல் அடங்கியதும் மிச்சத்தை விட்டு அவர் முன்னால் வைத்தேன்.

அவர் நுரையை ஊதவில்லை, அதற்குள்ளாலேயே ஒரு நீண்ட மிடறு குடித்தார். கிளாஸில் வெள்ளை வளையம் ஒன்று ஒட்டி நின்றது.

"எங்கே பழகினீர்கள், டப்ளினிலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் பிறந்த கொட்டாஞ்சேனையைத் தாண்டி வேலை செய்ய வந்தது இந்த ஹோட்டலுக்கு மட்டும்தான்" என்றேன்.

சிரித்தபடி இன்னொன்று கேட்டார். டெப் இன்றைக்கும் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

பாருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: முக்காலில் கையை எடுங்கள். அன்று சிங்கில் போன மூன்று கிளாஸிலும் ஒரு பழுதும் இல்லை. எனக்குத்தான் இரண்டு நிமிஷம் பொறுக்கத் தெரியவில்லை.