வசந்தத்துக்குக் காத்திருந்த காரட்

என் வீட்டுக்காரருடைய அக்கா இங்கிலாந்தில் இருக்கிறார். போய்ப் பல காலம் ஆகிறது. ஆனாலும் ஈப்போவில் எங்கள் வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். போன வருஷக் கடைசியில் தபாலில் ஒரு காரட் விதைப் பாக்கெட் அனுப்பினார். நாற்றெல்லாம் விட வேண்டாம், வசந்தம் வந்ததும் நேரே மண்ணில் போட்டால் போதும் என்று போனில் தம்பிக்கு நீளமாகப் பாடம் வேறு. வசந்தமாம்! இங்கே இருப்பது வெயிலும் மழையும்தான். சில நாளில் இரண்டும் ஒன்றாக வந்து தொலைக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், துணிக்கொடிக்கும் சாக்கடைக்கும் நடுவில், நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து அதில் கீரை போடுகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பாம்பு வரும், கொசு வரும், சிமெண்டு போடப்போகிறேன் என்பார் வீட்டுக்காரர். நான் சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சும்மா கிடக்கும் மண்ணைக் கண்டால் கை அரிக்கும். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு வாய்தான் வலித்தது. அக்காவின் பாக்கெட் வந்த அன்றே அவருக்கு அந்த இடம் தோட்டமாகிவிட்டது.

காரட் முளைத்தால் நிலம் இருக்கட்டும், முளைக்காவிட்டால் சிமெண்டு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். கேமரன் மலைக் குளிரில் விளைவது ஈப்போ வெயிலில் எங்கே முளைக்கும்? அந்தக் காரட்டை நம்பினால் என் மண் போச்சு.

சரி, வசந்தம் எப்போது? சீனர்கள் கொண்டாடுவதே வசந்தத்தைத்தான், ஆகவே சீனப் பெருநாளன்று விதைப்பது என்று கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற மூளை சும்மா இருக்குமா? தெருவே பட்டாசில் அதிர, இவர் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்து, மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுவது போல விதையை ஒவ்வொன்றாக வைத்தார்.

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம், என்னிடம் இருந்த கீரை விதையை ஒரு பிடி மணலில் கலந்து அந்தக் கோடுகளுக்கு நடுவே வீசினேன். உள்ளங்கையால் தட்டிவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். கீரை விதை பொடி, மணல் கலக்காவிட்டால் ஒரே இடத்தில் விழுந்துவிடும். அவ்வளவுதான் வித்தை. அதற்கு இங்கிலாந்து போக வேண்டியதில்லை.

சில நாளில் கீரை முளைத்தது. காரட் விதை வெயிலில் வெந்துபோயிருக்கும். ஆனால் மனுஷர் முளைத்ததெல்லாம் காரட் என்றே நம்பினார். தெலுக் இந்தான் கடைவீட்டில் வளர்ந்தவர், கீரையைக் கட்டாகத்தான் பார்த்திருக்கிறார். தினமும் காலையில் குனிந்து பார்த்துப் பூரித்துப்போவார். நான் வாயே திறக்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். சட்டியில் ஏறும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்பினால் நிலம் மொட்டையாகக் கிடந்தது. வீடியோவில் அக்காவுக்குக் காட்டியிருக்கிறார். அது காரட் இல்லை, களை, எல்லாவற்றையும் பிடுங்கு என்று உத்தரவு வந்திருக்கிறது. என் கீரை வேரோடு சாக்கடை ஓரம் குவிந்து கிடந்தது.

"இந்த மண்ணு ஒன்னுக்கும் ஆகாதுலா. நாளைக்கு சிமெண்டு ஆள வரச் சொல்லிட்டேன்" என்றார்.

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழுவேனா நான்?

குவியலை அள்ளி, வேரை நறுக்கி, மண் போக அலசி, நெத்திலியும் காய்ந்த மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிரட்டினேன். மத்தியானம் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டார். பஞ்சு மாதிரி இருக்கிறதே, பாசாரில் யாரிடம் வாங்கினாய் என்று கேட்டார்.

"நீங்க களைன்னு புடுங்கிப் போட்டதுதான்."

தட்டில் இருந்ததை விரலால் கிளறிப் பார்த்தார். சிமெண்டு ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என முணுமுணுத்துவிட்டு, மீதியையும் வழித்துச் சாப்பிட்டார்.

இதைக் கேட்டவர்கள் எல்லாம் நீ ஜெயித்துவிட்டாய் என்று சிரிக்கிறார்கள். மண் மிஞ்சியது, நிஜம்தான். ஆனால் அத்தனை வருஷம் நான் கேட்டும் அசையாத மனுஷர், ஒரு தட்டுக் கீரைக்கு அசைந்தார். அக்கா சொன்னால் அவருக்கு ஏறும், நாக்கு சொன்னால் ஏறும். நான் சொன்னதுதான் ஏறவே இல்லை.